தொட்டுப் பழகும் பண்ணைகளும் கொரோனாப் பெருந்தொற்றும்

ஆடு, செம்மறி, கன்று, கழுதை, பன்றிக்குட்டி, முயல், கோழி முதலிய வீட்டு விலங்குகளின் அருகில் சென்று அவற்றைத் தொடவும், தடவிக் கொடுக்கவும், கையால் தீனி ஊட்டவும் பார்வையாளருக்கு இடமளிக்கும் பண்ணை, தொட்டுப் பழகும் பண்ணை எனப்படும். இங்கிலாந்தில் இத்தகைய பண்ணைகள் பல உள்ளன. சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்கள் விடுமுறை நாளில் காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் சிற்றுலா இடங்களாக இவை விளங்குகின்றன.

2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றின் பொருட்டுப் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது இப்பண்ணைகள் அடைக்கப்பட்டன. தொடுதலையே தொழிலாகக் கொண்ட இடங்கள், தொடுதலே ஆபத்து என்று சொல்லப்பட்ட காலத்தை எதிர்கொண்டன. ஆனால் நோயின் பொருட்டு வாயிலை அடைப்பது அவற்றுக்குப் புதிதன்று. 20 ஆண்டுகளுக்குள் மூன்று முறை அவை நோயைச் சந்தித்தன. முன்னைய இரண்டு முறை கற்ற பாடங்கள், குறிப்பாகக் கை கழுவும் ஏற்பாடு, மூன்றாம் முறை கைகொடுத்தன.

தோற்றம்

விலங்குக் காட்சிச்சாலைகள் நெடுங்காலம் கம்பிக்கு அப்பால் நின்று பார்க்கும் இடங்களாகவே இருந்தன. குழந்தைகள் விலங்கைத் தொட்டுப் பழகலாம் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1938இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் சிறுவர்க்கெனத் தனிப்பகுதி திறக்கப்பட்டது. அதைத் திறந்து வைத்தவர்களும் சிறுவர்களே. அப்போது இலண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜோசப் கென்னடியின் மகன்களான 12 வயது இராபர்ட்டும் 6 வயது எட்வர்டும் அவர்கள். பிற்காலத்தில் இருவரும் அமெரிக்க அரசியலில் புகழ்பெற்றனர்.

1971இல் காட்ஸ்வோல்டு குன்றுப் பகுதியில் ஜோ ஹென்சன் என்ற விவசாயி, அருகிவரும் நாட்டு இனக் கால்நடைகளைக் காக்கும் நோக்கத்துடன் தம் பண்ணையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பண்ணைப் பூங்கா என்னும் வகைக்கு இது முன்னோடி ஆயிற்று. அடுத்த ஆண்டு, 1972இல், இலண்டனின் கென்டிஷ் டவுன் பகுதியில் நகரப் பண்ணை ஒன்று தோன்றியது. 1977இல் தேம்சு ஆற்றங்கரைத் துறைமுகப் பகுதியில் மட்சூட் பண்ணை உருவாயிற்று. அடுக்குமாடி வீடுகளில் வளரும் குழந்தைகள் பால் எங்கிருந்து வருகிறது, கம்பளி எங்கிருந்து வருகிறது என்பதை நேரில் காண வேண்டும் என்பதே நகரப் பண்ணைகளின் நோக்கம்.

1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் பால் உற்பத்திக்கு உச்ச வரம்பு விதித்தது. பால் மட்டும் விற்றுப் பிழைக்க முடியாத பண்ணையாளர்கள் வேறு வருமானம் தேடினர். அத்தகையோரில் சிலர் தொழுவத்தைச் சுத்தம் செய்து, நுழைவுச்சீட்டு வைத்து, பார்வையாளரை வரவேற்றனர். இவ்வாறு கல்வி, இனப் பாதுகாப்பு, வருமானம் ஆகிய மூன்று நோக்கங்களும் ஒரே வாயிலில் கூடின.

2001: கோமாரி நோய்

2001 பிப்ரவரியில் பிரித்தானியாவில் கோமாரி நோய் கண்டறியப்பட்டது. கால்நடைகளின் வாயிலும் குளம்பிலும் கொப்புளங்களை உண்டாக்கும் இந்நோய் தமிழ்நாட்டு விவசாயிகளும் நன்கறிந்த ஒன்று. மனிதருக்கு இது பெரும்பாலும் பரவுவதில்லை. ஆனால் மனிதரின் காலணி, உடை, வண்டிச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு பண்ணைக்குப் பண்ணை செல்லும். நோயைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன.

நாட்டுப்புற நடைபாதைகள் மூடப்பட்டன. பார்வையாளர் வரும் பண்ணைகள் பலவும் கதவடைத்தன. வாயிலில் கிருமிநாசினி ஊறிய வைக்கோலும் பாய்களும் விரிக்கப்பட்டன. அந்த ஆண்டில் நோய் சென்ற திசை தெளிவானது: பார்வையாளரின் காலடியிலிருந்து விலங்குக்கு. வெளியிலிருந்து வருபவரே விலங்குக்கு ஆபத்து என்பதைப் பண்ணைகள் அப்போது உணர்ந்தன.

2009: காட்ஸ்டோன் நிகழ்வு

அடுத்த பாடம் எதிர்த்திசையில் வந்தது. 2009 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் சரே மாவட்டத்தின் காட்ஸ்டோன் என்னும் ஊரில் உள்ள பண்ணைக்குச் சென்று வந்த குடும்பங்களில் ஈ. கோலை ஓ157 என்னும் பாக்டீரியாத் தொற்று பரவியது. 93 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, இரத்தச் சுத்திகரிப்பு செய்ய வேண்டி வந்தது.

இந்தப் பாக்டீரியா மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் குடலில் அவற்றுக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் வாழும். விலங்கைப் பார்த்து நோயை அறிய இயலாது. சாணம் பட்ட உரோமத்தையோ வேலிக் கம்பியையோ தொட்ட கை வாய்க்குச் சென்றால், மிகச் சிறிய அளவே நோயை உண்டாக்கப் போதும். விரல் சூப்பும் பழக்கமுள்ள குழந்தைகளே இதற்கு எளிதில் ஆளாகின்றனர்.

இந்நிகழ்வை ஆராய்ந்த பேராசிரியர் ஜார்ஜ் கிரிஃபின் தலைமையிலான குழு 2010இல் அறிக்கை தந்தது. நோய் தெரிந்த பின்னும் பண்ணை சில நாட்கள் திறந்தே இருந்தது. முன்னதாகவே செயல்பட்டிருந்தால் பாதிப்பைக் குறைத்திருக்கலாம் என்று குழு கூறியது. கை கழுவுவதோடு நில்லாமல், குழந்தைகளின் கை சாணத்தின் மீது படாதவாறு தொழுவமும் வேலியும் அமைய வேண்டும் என்பதும் வலியுறுத்தப்பட்டது.

இதன்பின் பண்ணைத் தொழில் அமைப்புகளும் அரசுத் துறைகளும் சேர்ந்து நடைமுறை விதிகளை வகுத்தன. விலங்குகளைத் தொடும் இடம் தனி, உண்ணும் இடம் தனி என்று பிரிக்கப்பட்டன. தொடும் இடத்திலிருந்து வெளியேறும் வழியிலேயே குழாய்த் தண்ணீரும் சோப்பும் காகிதத் துவாலையும் வைக்கப்பட்டன. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் தொட்டிகள் அமைந்தன. விலங்குக்கு முத்தம் கொடுக்கக் கூடாது, கையை வாயில் வைக்கக் கூடாது என்னும் அறிவிப்புகள் படங்களுடன் தொங்கின. இவை எல்லாம் கொரோனாவுக்குப் பல ஆண்டுகள் முன்னரே வந்துவிட்டன.

2020: குட்டி ஈனும் காலத்தில் கதவடைப்பு

2020 மார்ச் 23 அன்று பிரித்தானியாவில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டது. பண்ணைகளுக்கு இதைவிடப் பொருந்தாத காலம் வேறு இல்லை. அங்குச் செம்மறிகள் பெரும்பாலும் குளிர்காலத்தின் இறுதியிலும் வசந்தத்திலும் குட்டி ஈனுகின்றன. பிறந்த குட்டிக்குப் புட்டியில் பால் ஊட்டிப் பார்க்கவே குடும்பங்கள் ஈஸ்டர் விடுமுறையில் திரண்டு வரும். அந்த ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 12 அன்று வந்தது. குட்டிகள் பிறந்தன, பார்க்க வருவதற்கு ஆளில்லை.

கடையை மூடினால் சரக்கு காத்திருக்கும். தொழுவத்தில் நிற்கும் விலங்கு காத்திராது. தீவனம், வைக்கோல், மருத்துவர் கட்டணம் ஆகியவை வழக்கம்போல் தேவைப்பட்டன. வேலையின்றி வீட்டில் இருக்கும் ஊழியர்களுக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு வரை, மாதம் 2,500 பவுண்டு உச்ச வரம்புடன், அரசு ஏற்றுக்கொண்ட திட்டம் இருந்தது. பண்ணையின் சிற்றுண்டிச்சாலை ஊழியருக்கும் நுழைவுச்சீட்டு கொடுப்பவருக்கும் அது உதவியது. விலங்குகளைப் பராமரிப்பவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதால் அவர்களுடைய ஊதியம் பண்ணையின் தலையிலேயே விழுந்தது.

இன்னொரு சிக்கல் சட்டத்திலிருந்து வந்தது. 2020 மே மாதம் விலங்குக் காட்சிச்சாலைகளுக்கென 14 மில்லியன் பவுண்டு உதவி நிதி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் 100 மில்லியன் பவுண்டு நிதி அறிவிக்கப்பட்டது. இவை உரிமம் பெற்ற காட்சிச்சாலைகளுக்கும் நீர்வாழ் உயிரினக் காட்சியகங்களுக்கும் உரியவை. 1981ஆம் ஆண்டின் காட்சிச்சாலை உரிமச் சட்டம், அந்நாட்டில் வழக்கமாக வீட்டு விலங்காக வளர்க்கப்படாத விலங்குகளைக் காட்சிக்கு வைப்போருக்கே உரிமம் கோருகிறது. ஆகவே ஆடும் மாடும் கோழியும் மட்டுமே வைத்திருந்த பண்ணை, சட்டத்தின் கண்ணில் காட்சிச்சாலை அன்று. கீரி இன விலங்கையோ வாலபியையோ சேர்த்து வளர்த்து உரிமம் பெற்றிருந்த பண்ணைகளுக்குக் கிடைத்த வாய்ப்பு, எளிய விலங்குகளோடு நின்ற பண்ணைகளுக்குக் கிடைக்கவில்லை. அவை பொதுவான வணிகக் கடன்களையும் மானியங்களையும் நாட வேண்டியிருந்தது.

திரையில் வந்த ஆடு

வாயில் மூடியிருந்தபோது சில பண்ணைகள் குட்டி ஈனும் காட்சியை இணையத்தில் நேரலையாகக் காட்டின. பள்ளிக்குச் செல்லாமல் வீட்டில் இருந்த குழந்தைகளுக்கு அது பாடமாகவும் அமைந்தது.

இலங்காசயர் மாவட்டத்தின் இராசன்டேல் பகுதியில் உள்ள கிராங்க்சா ஃபோல்டு பண்ணை வேறொரு வழியைக் கண்டது. அலுவலகக் கூட்டங்கள் எல்லாம் ஜூம் வழியே நடந்த காலம் அது. 5 பவுண்டு கட்டணம் செலுத்தினால் பண்ணையின் வெள்ளாடு ஒன்று சில நிமிடங்கள் கூட்டத்தில் தோன்றும் என்று அறிவித்தனர். விளையாட்டாகத் தொடங்கிய இம்முயற்சிக்கு உலகின் பல பகுதிகளிலிருந்தும் முன்பதிவு வந்தது. 2021 தொடக்கத்துக்குள் சுமார் 50,000 பவுண்டு கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சுவீட் பார்ம் என்னும் விலங்குக் காப்பகமும் 2020 வசந்தத்திலேயே இதைப் போன்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது.

பணம் கிடைத்தது பண்ணைக்கு நன்மை. ஆனால் திரை வழியே குழந்தைக்குக் கிடைக்காதது ஒன்று உண்டு. குட்டியின் மூக்கு ஈரமானது, வெள்ளாட்டின் நாக்கு சொரசொரப்பானது, கம்பளிக்குள் விரல் நுழைந்தால் சூடாக இருக்கும், விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டும் என்பனவற்றைத் தொட்டுத்தான் அறிய முடியும்.

மீண்டும் திறப்பு: ஒரு குடும்பத்தின் நாள்

2020 ஜூன் 15 முதல் இங்கிலாந்தில் காட்சிச்சாலைகள், சவாரிப் பூங்காக்கள், பண்ணைகள் போன்ற திறந்தவெளி விலங்கு இடங்கள் திறக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. கட்டடத்துக்குள் இருக்கும் காட்சிகளுக்கு அனுமதி இல்லை. சிற்றுண்டிச்சாலைகள் பொட்டலம் கட்டி மட்டுமே தரலாம். திரையரங்கும் உணவகமும் இன்னும் திறக்காத நிலையில், மூன்று மாதம் வீட்டுக்குள் இருந்த குடும்பங்களுக்கு இது முதல் வெளியுலாக்களுள் ஒன்றாயிற்று.

அந்த ஆண்டின் சிற்றுலா முன்னைய ஆண்டுகளைப் போல் இல்லை. காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு "போகலாமா?" என்று புறப்பட இயலாது. நாளும் நேரமும் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். குறித்த நேரத்துக்குள் வாயிலில் இருக்க வேண்டும். மதிய உணவை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவதே எளிதாக இருந்தது. பாதையில் ஒருவழி அம்புக்குறிகள் வரையப்பட்டிருந்தன. வரிசையில் இரண்டு மீட்டர் இடைவெளிக்குத் தரையில் கோடுகள் போடப்பட்டிருந்தன. முயலையும் கினிப் பன்றியையும் மடியில் வைத்துக்கொள்ளும் கொட்டகை பல பண்ணைகளில் மூடிக் கிடந்தது. குழந்தைகள் ஏறிக் குதிக்கும் உள்ளரங்க விளையாட்டுக் கூடங்கள் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை திறக்கவில்லை. டிராக்டர் வண்டிச் சவாரியில் குடும்பத்துக்குக் குடும்பம் இருக்கை விட்டு உட்கார வைத்தனர்.

செப்டம்பர் 14 முதல் ஒன்றுகூடுவோர் எண்ணிக்கை ஆறுக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி வந்தது. ஒரே வீட்டில் வாழ்பவர் ஆறு பேருக்கு மேல் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் வேறு வீட்டிலிருந்து வருபவரைச் சேர்த்தால் எண்ணிக்கை ஆறைத் தாண்டலாகாது. இங்கிலாந்தில் குழந்தைகளும் கணக்கில் சேர்ந்தனர். தாய், தந்தை, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐவர். அவர்களோடு தனி வீட்டில் வாழும் தாத்தாவும் பாட்டியும் வந்தால் ஏழு. ஆகவே இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். பேரக்குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டுக்குத் தீனி கொடுக்கச் செய்பவர் பெரும்பாலும் தாத்தா, பாட்டிதான். நோயால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளானவர்களும் அவர்களே. அவர்களைக் காக்கும் விதியே அவர்களைப் பிரித்தும் வைத்தது.

சோப்பும் சானிடைசரும்

பெருந்தொற்றுக் காலத்தில் கடை, பள்ளி, பேருந்து நிலையம் என எங்கும் சானிடைசர் புட்டி இருந்தது. இரண்டு சொட்டு தேய்த்துக்கொண்டால் கை சுத்தமாகிவிட்டது என்னும் எண்ணம் பரவியது. பண்ணையில் இந்த எண்ணம் ஆபத்தானது.

கொரோனா வைரசின் மேலுறை கொழுப்பால் ஆனது. ஆல்ககால் அதைச் சிதைக்கிறது, சோப்பும் சிதைக்கிறது. ஆனால் சாணமும் மண்ணும் பட்ட கையில் ஆல்ககால் சரியாகச் செயல்படுவதில்லை. ஆட்டுக்குட்டி, கன்று ஆகியவற்றிடமிருந்து பரவி வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோசுபொரிடியம் என்னும் ஒட்டுண்ணி தடித்த ஓடு உடையது. அதை ஆல்ககால் அழிப்பதில்லை. ஓடும் தண்ணீரும் சோப்பும் இவற்றைக் கையிலிருந்து கழுவி அகற்றிவிடுகின்றன. எனவே விலங்கைத் தொட்ட பின் சானிடைசர், சோப்புக்கு மாற்றாகாது என்பதே 2009க்குப் பின் வந்த வழிகாட்டல். பெருந்தொற்றிலும் அது மாறவில்லை.

இந்த இடத்தில்தான் பழைய ஏற்பாடு பயன்பட்டது. மற்ற பொழுதுபோக்கு இடங்கள் கை கழுவும் வசதியைப் புதிதாகத் தேடிக்கொண்டிருந்தபோது, பண்ணைகளில் குழாயும் தொட்டியும் அறிவிப்புப் பலகையும் முன்பே இருந்தன. "தொட்டபின் கழுவு" என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஊழியர்களும் இருந்தனர். 2009இல் நோயுற்ற குழந்தைகளின் பொருட்டு நிறுவப்பட்ட குழாய், 2020இல் வேறொரு நோயிலிருந்து வேறு குழந்தைகளையும் அவர்களுடைய பெரியோரையும் காக்க உதவியது.

விலங்குக்குப் பரவுமா என்னும் ஐயம்

2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிரான்க்சு காட்சிச்சாலையில் நாடியா என்னும் புலிக்குக் கொரோனாத் தொற்று உறுதியானது. பராமரிப்பவரிடமிருந்து அது பரவியதாகக் கருதப்பட்டது. 2021 ஜூன் மாதம் சென்னையை அடுத்த வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிலும் சிங்கங்களுக்குத் தொற்று கண்டறியப்பட்டது. நீலா என்னும் பெண் சிங்கம் ஜூன் 3 அன்று இறந்தது. மனிதரிடமிருந்து விலங்குக்கு நோய் செல்லும் என்னும் 2001ஆம் ஆண்டின் அச்சம் இவ்வாறு புதிய வடிவில் திரும்பியது.

பண்ணை விலங்குகளைப் பொறுத்தவரை செய்தி ஆறுதலானது. செருமனியின் பிரீட்ரிக் லோஃப்லர் ஆய்வு நிறுவனம் 2020இல் நடத்திய சோதனைகளில் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் இவ்வைரசு தொற்றவில்லை. அதே சோதனைகளில் ஃபெரட் என்னும் கீரி போன்ற விலங்குக்குத் தொற்றியது. ஆகவே பண்ணையில் முதன்மையான ஆபத்து ஆட்டிடம் இல்லை; ஆட்டைச் சுற்றி நெருங்கி நிற்கும் மனிதரிடமே இருந்தது. தொழுவத்தைத் திறந்தவெளிக்கு மாற்றுவதும் கூட்டத்தைக் குறைப்பதும் சரியான தீர்வுகளாக அமைந்ததற்கு இதுவே காரணம்.

இரண்டாவது ஈஸ்டரும் மறுவாழ்வும்

2020 நவம்பர் 5 முதல் டிசம்பர் 2 வரை இரண்டாம் பொதுமுடக்கம் நடந்தது. 2021 சனவரியில் மூன்றாவது வந்தது. இதற்கிடையே பறவைக் காய்ச்சல் பரவியதால் டிசம்பர் 14 முதல் மார்ச் 31 வரை கோழி, வாத்து உள்ளிட்ட வளர்ப்புப் பறவைகளை வெளியே விடாமல் அடைத்து வைக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மனிதர் வீட்டுக்குள் இருந்த அதே குளிர்காலத்தில் பண்ணைக் கோழிகளும் கூட்டுக்குள் இருந்தன.

2021இல் ஈஸ்டர் ஏப்ரல் 4 அன்று வந்தது. பண்ணைகள் ஏப்ரல் 12 அன்றுதான் திறக்க முடிந்தது. இரண்டாம் ஆண்டும் ஈஸ்டர் ஞாயிறு கைநழுவிப் போயிற்று. முந்தைய ஆண்டின் ஈஸ்டர் ஞாயிறும் இதே ஏப்ரல் 12 என்பது குறிப்பிடத்தக்கது. அன்று மூடியிருந்த வாயில், சரியாக ஓராண்டு கழித்துத் திறந்தது. பின்னே பிறந்த குட்டிகள் இன்னும் புட்டிப்பால் குடிக்கும் பருவத்திலேயே இருந்தன.

முன்பதிவு முறை, திறந்தவெளி உணவு மேசை போன்ற மாற்றங்கள் பெருந்தொற்றுக்குப் பின்னும் பல இடங்களில் தொடர்ந்தன. ஒரு நாளில் எத்தனை பேர் வருவர் என்பது முன்கூட்டியே தெரிவதால் கூட்டமும் நெரிசலும் குறைந்தன. தொழுவ வேலியருகே ஒவ்வொரு குழந்தைக்கும் சற்றுக் கூடுதலான இடமும் நேரமும் கிடைத்தன.

வரலாற்றுப் பாடம்

கோமாரியில் மனிதர் விலங்குக்கு ஆபத்தாயினர். ஈ. கோலைத் தொற்றில் விலங்கு குழந்தைக்கு ஆபத்தாயிற்று. கொரோனாவில் மனிதரே மனிதருக்கு ஆபத்தாயினர். மூன்று முறையும் தொடுதலை அடியோடு நிறுத்திவிடுவது எளிய தீர்வாகத் தோன்றியது. ஆனால் பண்ணைகள் தொடுதலைக் கைவிடவில்லை. எதை, எங்கே, எப்படித் தொடுவது, தொட்டபின் என்ன செய்வது என்னும் ஒழுங்கை ஒவ்வொரு நோய்க்குப் பின்னும் செம்மைப்படுத்தின.

இதைக் கற்பவர்களுள் மிகப் பலர் ஐந்து வயதும் நிரம்பாதவர்கள். ஆட்டுக்குத் தீனி ஊட்டி, அதன் நெற்றியைத் தடவி, பின்பு குழாயடிக்குச் சென்று இரு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவும் குழந்தை, உயிரிடம் அன்பையும் உடல்நலத்துக்கான ஒழுங்கையும் ஒரே நாளில் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது.